தாளிப்புக் கரண்டி கடைசியில் வழிக்கு வந்தது

தினம் ஒரு வீட்டுப் பொருள், அதோடு வியப்பான தகவல் ஒன்று என்று நான் எடுத்துவரும் படத்தொடரில் எவர்சில்வர் தாளிப்புக் கரண்டியைப் போல என்னைப் படுத்திய பொருள் வேறு கிடையாது. நடுவில் அதை ஓரங்கட்டிவிட்டு வேறு பொருள்களைப் படமெடுத்தேன். நினைப்பெல்லாம் கரண்டியிலேயே இருந்தது. இப்போது கிடைத்திருக்கும் படம் நான் நினைத்ததைவிட நன்றாகவே வந்திருக்கிறது. அதனால் வந்த உற்சாகத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொடருக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: சொல்லும் தகவல் படத்திலேயே தெரிய வேண்டும். இன்றைய வடிவ ஊக்கை உருவாக்கிய வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர், 1849-இல் அதன் காப்புரிமையை 400 டாலருக்கு விற்றார். அருமையான கதைதான். ஆனால் ஊக்கை எவ்வளவு நெருங்கிப் படமெடுத்தாலும் அந்த 400 டாலர் கண்ணில் படாது. ஆகவே ஊக்குக்கு இடமில்லை. சமையல் எரிவாயு சிலிண்டருக்கு உண்டு. அதன் மேல்வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றின் உட்புறத்தில் ‘பி-27’ என்பதுபோல எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை; 2027-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் அந்தச் சிலிண்டரை மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்று பொருள். தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு டேப்பின் முனைக் கொக்கி லேசாக ஆடுவதைப் பழுது என்றே பலர் நினைக்கிறார்கள். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் அது ஆடும். பலகையில் மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்டி அளந்தாலும் அளவு சரியாக வருவதற்கான ஏற்பாடு அது. பழைய இரும்பு எடைக்கல்லின் அடிக்குழியில் ஊற்றிய ஈயமும் அதன்மேல் குத்திய அரசு முத்திரையும், பேனா மூடியின் உச்சியில் உள்ள துளையும் (குழந்தையின் தொண்டையில் சிக்கிவிட்டாலும் காற்று போவதற்காக வைத்தது) இந்த வகைதான்.

தகவல் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, உண்மையாகவும் இருக்க வேண்டும். பழைய வீட்டு ஜன்னல் கண்ணாடி கீழ்ப்பக்கம் தடித்திருப்பதைக் காட்டி, கண்ணாடி காலப்போக்கில் வழிகிறது என்று இன்னும் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தயாரிப்பு முறையில் கண்ணாடி சீரான தடிமனில் வரவில்லை என்பதுதான் காரணம். ஆர்வமாகப் படிப்பவர்களிடம் இப்படிப்பட்டதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

எவர்சில்வர் பற்றிய தகவல் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததே. துப்பாக்கிக் குழாய்க்கு நீடித்து உழைக்கும் எஃகைத் தேடிய உலோகவியலாளர் ஹாரி பிரியர்லி, 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஏறத்தாழ 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்த எஃகை வார்த்தார், அது துருப்பிடிக்கவில்லை. காற்றுப் பட்டதும் குரோமியம் உலோகத்தின் மேல் ஆக்சைடுப் படலமாகப் படிந்துவிடும். கீறினாலும் அந்த இடத்தில் படலம் மறுபடி உருவாகும். ஆனால் அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். கண்ணுக்கே தெரியாத ஒன்றை என் விதிப்படி எப்படிப் படமெடுப்பது?

விடை எங்கள் அடுப்படியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் தீயில் எவர்சில்வர் சுமார் 300 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது அந்தப் படலம் தடிக்கத் தொடங்குகிறது. போதுமான அளவு தடித்ததும் அதன் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறங்களைக் காட்டும், சோப்புக் குமிழியில் நடப்பதைப் போலவே. எங்கள் தாளிப்புக் கரண்டியின் கழுத்தைப் பாருங்கள். பிடியிலிருந்து கிண்ணத்தை நோக்கி வந்தால் முதலில் வைக்கோல் மஞ்சள், அடுத்து செம்பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், தீக்கு மிக அருகே நீலம். வெப்பம் எங்கே எவ்வளவு ஏறியது என்பதை அந்தப் பட்டைகளைக் கொண்டே படித்துவிடலாம். கிண்ணத்தின் உட்புறம் மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது. எண்ணெய் இருக்கும்வரை அந்த இடம் அவ்வளவு சூடாவதில்லை. எண்ணெய் மட்டத்துக்கு மேலே விளிம்பில் மஞ்சள் தொடங்கிவிடுகிறது. பளபளப்பாக இல்லையே என்று அம்மா இதைத் தேய்க்கப் போனபோது ஓடிப்போய் வாங்கி வைத்துக்கொண்டேன். வினிகரோ எலுமிச்சையோ பட்டால் இந்த நிறம் போய்விடும்.

இனிதான் பாடு. எவர்சில்வரைப் படமெடுக்கிறோம் என்று நினைக்கிறோம். கேமராவில் விழுவது அதில் பிரதிபலிக்கும் அறைதான். கரண்டியில் ஜன்னல் கம்பி தெரிந்தது, முக்காலியின் கால் தெரிந்தது, என் சட்டை தெரிந்தது. நிறப்பட்டைகளைத்தான் காணோம். பின்னால் பெரிய வெள்ளைப் பரப்பு பிரதிபலித்தால்தான் அந்த நிறங்கள் எழும். இருட்டு பிரதிபலிக்கும் இடத்தில் அவை அப்படியே மறைந்துபோகும்.

எல்லாப் பிரதிபலிப்பையும் இது நீக்கிவிடும் என்று சொல்லி ஒரு கடைக்காரர் லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் போலரைசர் ஃபில்டரை என்னிடம் விற்றிருந்தார். தண்ணீர், கண்ணாடி, பிளாஸ்டிக், வார்னிஷ் ஆகியவற்றில் அது சொன்னபடி வேலை செய்கிறது. உலோகப் பரப்பிலிருந்து திரும்பும் ஒளி அவற்றைப்போல் ஒரே தளத்தில் முனைவுறுவதில்லை (அதாவது, ஒரே திசையில் மட்டும் அதிர்வதாக ஆவதில்லை) என்பதால் கரண்டியில் எப்படித் திருப்பினாலும் படம் மங்கியதே தவிர ஒரு பிரதிபலிப்பும் குறையவில்லை. விலை சொல்லும் நேரத்தில் இதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆகவே நகைப்படக்காரர்களின் பழைய வழிக்கே வந்தேன்: டிரேசிங் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கரண்டிமேல் கவிழ்த்து, உச்சித் துளை வழியாக லென்ஸ் எட்டிப்பார்க்கும் ஏற்பாடு. கேட்க எளிதாக இருக்கும். காகிதம் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில் ஒளி குறைவதால் அந்தத் தையல் கரண்டியில் சாம்பல் கோடாக விழும். பிடி வெளியே வரும் கீழ்ப்பிளவு இன்னொரு கருங்கோடு. இரண்டையும் ஒரே பக்கமாக, நிறப்பட்டைகளுக்கு எதிர்ப்புறம் திருப்பி வைத்ததும் கழுத்துப் பகுதி சுத்தமானது. அடுத்த சிக்கல், சுற்றிலும் வெள்ளையானதும் உலோகம் உலோகமாகவே தெரியாமல் மாவில் பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. கூம்பின் உள்ளே ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் காகிதப் பட்டையை ஒட்டியபின் கிண்ணத்தின் விளிம்பு வெட்டியதுபோல் எழுந்து நின்றது. இந்தப் பட்டையை இழுத்து இழுத்து இடம்பார்ப்பதற்குத்தான் மற்ற எல்லா வேலைகளையும்விட அதிக நேரம் ஆனது; அது முழுக்கத் தகுந்த செலவு.

கடைசி எதிரி, கிண்ணத்தின் அடியில் விழும் லென்ஸின் கரும்புள்ளி. இப்படிக் குழிந்த கிண்ணத்தை மேலிருந்து எடுத்தால் கேமராவை நேராகப் பார்க்கும் ஓர் இடம் அதில் இருந்தே தீரும். தூரத்திலிருந்து எடுத்தால் புள்ளி சிறுக்கிறதே தவிரப் போகாது. மென்பொருளில் அழிப்பது எனக்குப் பிடிக்காது. அந்த இடத்தில் கொஞ்சம் கடுகைப் போட்டேன். தாளிப்புக் கரண்டியில் கடுகு இருப்பதைவிடப் பொருத்தம் வேறென்ன? கறுப்பு கறுப்போடு கலந்துவிட்டது. இந்த யோசனையை நினைத்து எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது.

ஒளி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மலிவு எல்.இ.டி. விளக்கில் கத்தரிப்பூ நிறம் செத்துப்போகிறது. வடக்கு ஜன்னலும் மேகமூட்டமான வானமும் போதும். டிரேசிங் காகிதம் ஒளியைச் சற்று மஞ்சளாக்குவதால் சாம்பல் அட்டையைக் கூம்புக்குள் வைத்தே வெள்ளைச் சமநிலையை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பை) அமைக்க வேண்டும். வைக்கோல் மஞ்சள் மிக மெல்லிய நிறம். கொஞ்சம் ஒளி கூடினாலும் வெளுத்துவிடும் என்பதால் எக்ஸ்போஷரைக் குறைத்தே எடுத்தேன். லென்ஸின் துளை (அபர்ச்சர்) எஃப்/11, கழுத்திலிருந்து விளிம்புவரை ஃபோகஸை நகர்த்திப் பல படங்களாக எடுத்து ஒன்றாகச் சேர்த்தது.

சென்னைக்காரர்களுக்கு: டிரேசிங் காகிதத்தை வரைகலைப் பொருள் கடைகளில் ஒற்றைத் தாளாக வாங்காதீர்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விசாரித்துச் சுருளாக வாங்கினால் தடிமனையும் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மெல்லியதில் மடிப்பு விழுந்தால் அதுவும் கரண்டியில் தெரியும். பாத்திரக் கடைக்குக் காந்தம் கொண்டுபோகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள உயர்ந்த ரகம் என்று நம்பிவிடக் கூடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு ரகங்களிலும் அது ஒட்டாது.

கரண்டிப் படத்துக்கான இரண்டு வரிக் குறிப்பை இன்னும் முடிக்கவில்லை. தீயே காணாத புதுக் கரண்டி ஒன்றை அதே கூம்பில் எடுத்துப் பக்கத்தில் வைக்கவும் எண்ணம். அதற்குள் அந்தப் போலரைசருக்கு வேலை கிடைத்துவிட்டது. மடிக்கணினியின் எல்.சி.டி. திரையிலிருந்து வருவது ஒரே தளத்தில் முனைவுற்ற ஒளி. அந்தத் திரையை முழு வெள்ளையாக்கி, அதன்முன் ஜியாமெட்ரி பெட்டியின் ஒளிபுகும் பிளாஸ்டிக் கோணமானியைப் பிடித்து, ஃபில்டரைத் திருப்பினால் பின்னணி கறுத்து, கோணமானி முழுக்க வண்ண வளையங்கள். வார்ப்பில் இறுகியபோது பிளாஸ்டிக்குக்குள் சிக்கிய அழுத்தம்தான் அப்படித் தெரிகிறது. அதே முறையில் உப்பையும் சர்க்கரையையும் கண்ணாடித் தட்டில் அருகருகே தூவி எடுக்கப்போகிறேன். உப்பின் படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி என்பதால் இருட்டாகவே இருக்கும், சர்க்கரை மட்டும் ஒளிரும். திரையின் புள்ளிகள் படத்தில் விழாதபடி கண்ணாடியை எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.