எம்35ஏ2 லாரி: முதலில் பிரேக், அப்புறம்தான் இன்ஜின்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட இரண்டரை டன் எம்35ஏ2 லாரியை வாங்கியவுடன் பெரும்பாலானோர் செய்வது இரண்டு வேலை: பேட்டரியை மாற்றுவது, இன்ஜினைக் கிளப்பிப் பார்ப்பது. கிளம்பிவிட்டால் வண்டி தேறிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த லாரியில் இன்ஜின் கிளம்புவது பெரிய சாட்சி இல்லை. பல வருஷம் வெட்டவெளியில் நின்ற வண்டிகூட நல்ல பேட்டரியும் சுத்தமான டீசலும் கொடுத்தால் பல நேரம் கிளம்பிவிடும். சுமை இல்லாமலே ஏறக்குறைய 13,000 பவுண்டு, அதாவது 6 டன் எடை. அது நிற்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதன் பிரேக் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். பெடலை மிதித்தால் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் 'ஏர்-பேக்' என்ற பூஸ்டருக்குப் போகிறது. அது தொட்டியில் இருக்கும் காற்றின் பலத்தால் அழுத்தத்தைப் பலமடங்காக்கி, மூன்று ஆக்சில்களின் ஆறு சக்கர முனைகளுக்கும் அனுப்புகிறது. எல்லாம் ஒரே சுற்று. இன்றைய வண்டிகளைப் போல முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்ற பிரிவு கிடையாது. ஆறில் ஏதாவது ஒரு வீல் சிலிண்டரில் ரப்பர் கப் கிழிந்தாலும், ஒரு ஹோஸ் வெடித்தாலும், பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அதுவும் முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் இருக்கும் ஒரு சின்ன டிரம்மைப் பிடிப்பது. நின்ற வண்டியை நிறுத்தி வைக்க உண்டானது, ஓடும் வண்டியை நிறுத்த அல்ல.

ஆகவே, வாங்கிய வண்டியில் ஆறு வீல் சிலிண்டரையும் திறந்து பாருங்கள். கசிவு தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது. டயரின் உட்பக்கமும், பிரேக் ஷூக்கள் மாட்டியிருக்கும் தகடான பேக்கிங் பிளேட்டின் அடி விளிம்பும் ஈரமாக இருந்தால் காரியம் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று அர்த்தம். காய்ந்திருந்தால் இன்னும் கெடவில்லை என்று அர்த்தம் இல்லை. டிரம்மை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது என்பதால்தான் பலரும் இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆக்சில் ஷாஃப்டை உருவி, பேரிங் நட்டுகளைக் கழற்றி, ஹப்பும் டிரம்மும் சேர்ந்தாற்போல் வெளியே இழுக்க வேண்டும். பேரிங் நட்டுக்கு 3 அங்குல சாக்கெட் தேவை; உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றியவர்களின் கைவண்ணத்தை ஏலத்து வண்டிகளில் நிறையப் பார்க்கலாம். இவ்வளவு தூரம் கழற்றியபின் உள் சீலையும் வெளி சீலையும் மாற்றாமல் மூடுவது வீண். வெளி சீல் போனால் டிஃபரன்ஷியலின் கியர் ஆயில் ஆக்சில் குழாய் வழியே வந்து பேரிங் கிரீஸைக் கரைக்கும், பிறகு உள் சீலையும் தாண்டிப் பிரேக் லைனிங்கில் ஊறும். ஆயில் ஊறிய லைனிங்கைக் கழுவி மறுபடி போடுவதில் பயன் இல்லை. சூடானதும் உள்ளே இருக்கும் ஆயில் மேலே வரும், அந்தப் பக்கம் பிடிக்காது, வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும்.

பிரேக் ஆயில் விஷயம் தனி. அமெரிக்க ராணுவம் 1980-களில் டாட் 3 என்ற ரகத்தை விட்டு சிலிக்கானால் ஆன டாட் 5-க்கு மாறியது. அது ஊதா நிறம். ஆனால் நாளாக நாளாக நிறம் வெளுத்துவிடும். நிறத்தை நம்பாமல் ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் இந்த ஆயிலை ஊற்றிக் குலுக்குங்கள். தண்ணீரோடு கலந்துவிட்டால் டாட் 3 அல்லது 4. பிரிந்து மேலே நின்றால் டாட் 5. இரண்டையும் கலக்கக் கூடாது. 'டாட் 5.1' என்று கடையில் இருப்பது சிலிக்கான் இல்லை, டாட் 3-இன் இனம்; பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது என்பது நல்லதுதான், ஆனால் உள்ளே புகுந்த ஈரம் ஆயிலில் கரையாமல் சிலிண்டரின் அடியில் தனியாகத் தேங்கி, அந்த ஒரு இடத்தைத் துருவாக அரித்துக் குழியாக்கும். பழைய வீல் சிலிண்டர்களில் குழி எப்போதும் கீழ்ப்பக்கமாக இருப்பது இதனால்தான்.

ஏர் எடுப்பது, அதாவது பிரேக் ஆயில் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, இன்ஜின் அணைந்து, தொட்டியில் காற்று இல்லாத நிலையில் நடக்க வேண்டும். முதலில் ஏர்-பேக், பிறகு தூரத்தில் இருக்கும் பின் ஆக்சிலில் தொடங்கி முன்னுக்கு வரலாம். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே இருப்பதால் ஆயில் மட்டம் குறைவது கண்ணில் படாது. பாதி வேலையில் அது வற்றிப்போய் மறுபடி காற்றை இழுத்துக்கொள்ளும். ஆயிலை அழுத்தத்தோடு ஊட்டிக்கொண்டே இருக்கும் பிரஷர் பிளீடர் வைத்துச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. பணம் இருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் இரண்டு ஏர்-பேக்கும் வைத்துப் பிரேக்கைப் பிரித்துவிடுங்கள். இந்த லாரிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே உருப்படியானது இதுதான். பெரிய டயரும் டர்போ வேலையும் அப்புறம்.

காற்றுத் தொட்டிகளைத் தினமும் ஓட்டி முடித்ததும் திறந்து வடித்துவிடுங்கள். எம்35ஏ2-வில் ஏர் டிரையர் கிடையாது. வடிக்காத தண்ணீர் நேராக ஏர்-பேக்குக்குள் போய்ப் பிஸ்டனைத் துருப்பிடிக்க வைக்கும். குறைந்த காற்றழுத்த பஸ்ஸர் அடித்துக்கொண்டிருக்கும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. காற்று இல்லாமலும் பெடல் வேலை செய்யும், ஆனால் அது சுவரை மிதிப்பதுபோல இருக்கும்.

சக்கரத்துக்கு வருவோம். இடது பக்க சக்கர நட்டுகள் இடது மரை, வலது பக்கம் வலது மரை. நட்டு ஏறும் ஸ்டட்டின் முனையில் எழுத்து பொறித்திருக்கும். துருவைத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். இது தெரியாமல் ஒரு அங்குல இம்பாக்ட் துப்பாக்கியை வைத்து ஸ்டட்டை முறித்த கதைகளுக்குப் பஞ்சமில்லை. பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள் சக்கரத்தைச் சதுரத் தலை கொண்ட உள் நட்டு பிடிக்கிறது, அதன் மேல் வெளி நட்டு வெளிச் சக்கரத்தைப் பிடிக்கிறது. பிறகு சரிபார்க்கும்போது வெளி நட்டை மட்டும் முடுக்கிவிட்டுப் போனால், உள்ளே தளர்ந்திருப்பது தெரியாது. ஒரு வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை முடுக்கி, மறுபடி வெளி நட்டை முடுக்க வேண்டும்; ஒன்றுவிட்டு ஒன்றாக. சக்கரம் மாட்டியபின் முதல் 50 முதல் 100 மைலுக்குள் இதைக் கட்டாயம் திரும்பச் செய்யுங்கள்.

ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்குமுன் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் டிரைவ் ஷாஃப்டை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் டிஃபரன்ஷியல் வழியே அது சுழல, அந்த ஆக்சிலில் ஹேண்ட் பிரேக்கின் பிடி போய்விடும். ஆக்சில் ஷாஃப்டை உருவினாலும் இதே ஆபத்துதான்.

9.00-20 டயர் மாட்டிய ரிம், பூட்டு வளையம் கொண்ட பல துண்டு ரிம். இதைப் பற்றி நயமாகச் சொல்ல ஒன்றுமில்லை: ஆளைக் கொல்லும். சக்கரத்தைக் கழற்றுமுன் வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குங்கள். இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலும். காற்று அடிப்பது இரும்புக் கூண்டுக்குள், பூட்டிக்கொள்ளும் முனையும் நீளமான ஹோஸும் வைத்து, ஆள் வளையத்தின் நேர் எதிரே நிற்காமல். வளையம் சரியாக உட்காரவில்லை என்று காற்று இருக்கும்போதே சுத்தியலால் தட்டுவது தற்கொலை. கூண்டு இல்லாதவர்கள் கனரக டயர் கடைக்கு எடுத்துப் போகலாம்.

இனி இன்ஜின். எல்டிடி-465 வகை மல்டிஃபியூயல்: 478 கன அங்குலம், ஆறு சிலிண்டர், டர்போ, உச்ச வேகம் 2,600 ஆர்.பி.எம். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல்கூட எரிக்கும்படி கட்டப்பட்டது. எரிபொருளைப் பிஸ்டனில் இருக்கும் கோளக் குழியின் சுவரில் படியவைத்து ஆவியாக்கும், ஜெர்மனியின் மான் (MAN) நிறுவனத்து முறை அது. அதற்காகக் கழிவு ஆயிலை ஊற்றி ஓட்டுவது இந்த வண்டிக்காரர்களிடம் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. வடிகட்டாத கழிவு ஆயிலில் இருக்கும் தண்ணீரும் உலோகத்தூளும் மூன்று ஃபில்டர்களையும் அடைத்து, இன்ஜெக்‌ஷன் பம்பில் எரிபொருளை அளந்து அனுப்பும் ஹைட்ராலிக் ஹெட்டைத் தேய்க்கும். மிச்சப்படுத்திய டீசல் காசு ஒரு பம்புக்குக் காணாது.

தினமும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைகிறதா என்று மட்டும் அல்ல, கூடுகிறதா என்றும். மட்டம் ஏறி, தொட்டால் தண்ணியாக இருந்து, டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்‌ஷன் பம்பின் உள் கசிவு ஆயில் சம்ப்புக்குப் போகிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் போகும். மட்டம் மிகவும் ஏறினால் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக் கட்டுக்கடங்காமல் சுற்றும் அபாயமும் உண்டு.

எரிபொருள் ஸ்க்ரூவைத் திருகிப் பலம் கூட்டுகிறவர்கள் முதலில் டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் வைக்கட்டும். ஏற்றத்தில் 1,200 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது ஆக்சிலேட்டரைத் தளர்த்த வேண்டும். இந்த இன்ஜினின் தெரிந்த பலவீனம் ஹெட் கேஸ்கட். மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு ஹெட். கூடுதல் எரிபொருளும் கூடுதல் சூடும் முதலில் அதைத்தான் காவு கேட்கும். இறக்கத்தில் 2,600-ஐத் தாண்டவிடுவது இன்னும் மோசம். உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எரிபொருளை நிறுத்துமே தவிர, சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதை நிறுத்தாது; கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைப்பது இப்படித்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சாவி கிடையாது. அணைப்பது எரிபொருளை அடைக்கும் ஸ்டாப் கேபிளால். சூடான டர்போ என்றால் அதற்குமுன் மூன்று நிமிஷமாவது ஐட்லிங்கில் விடுங்கள். இந்தக் கேபிள் துருப்பிடித்து இறுகாமல் வைத்திருப்பது ஏன் முக்கியம் என்றால், இந்த இன்ஜின் பின்னோக்கியும் ஓடும். மேட்டில் கியரில் இருக்கும்போது அணைந்து, வண்டி பின்னால் உருண்டால், தலைகீழாகச் சுற்றத் தொடங்கும்: ஏர் கிளீனர் வழியே புகை வரும், ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்தில் கிடக்கும். ஆயில் பம்பும் தலைகீழாகச் சுற்றுவதால் பேரிங்குக்கு ஆயில் போகாது. உடனே கிளட்ச்சை மிதித்து, பிரேக்கைப் பிடித்து, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

மின்சாரம் 24 வோல்ட், தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரி. ரேடியோவுக்காக ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அது காலியாகிக்கொண்டே வர, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி வேகும். இரண்டும் சீக்கிரமே போய்விடும். கன்வர்ட்டர் வையுங்கள். பிரேக் லைட் எரியவில்லை என்று வயரிங்கைப் பிரிக்குமுன் மூன்று நெம்புகோல் கொண்ட லைட் சுவிட்சைப் பாருங்கள். அது 'ஆஃப்' நிலையில் இருந்தால் பிரேக் லைட்டும் எரியாது, இண்டிகேட்டரும் எரியாது. பகலில் 'ஸ்டாப் லைட்' நிலையில் வைத்து ஓட்ட வேண்டும். பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும். மீதியில் பெரும்பங்கு துருப்பிடித்த எர்த் இணைப்பு.

பவர் ஸ்டியரிங் இல்லை. கரடுமுரடான தரையில் கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விடாதீர்கள். சக்கரம் கல்லில் மோதித் திருப்பினால் விரல் முறியும். முன் ஆக்சிலை உலர்ந்த தார் சாலையில் இணைக்காதீர்கள். லோ ரேஞ்சுக்கு நின்றபின்தான் மாற்ற வேண்டும்.

அமெரிக்காவில் பதிவுக்கு எஸ்.எஃப்.-97 என்ற அரசுச் சான்று தேவை, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அது கையில் வராமல் வண்டிக்குச் செலவு செய்யத் தொடங்க வேண்டாம். கையேடுகளில் டி.எம். 9-2320-361 வரிசையை வாங்குங்கள்: 10 என்று முடிவது ஓட்டுநருக்கு, 20 என்பது பராமரிப்புக்கு. முடுக்க அளவுகளை அதில் இருந்து மட்டும் எடுங்கள்.

நீண்ட நாள் நிறுத்தி வைப்பதென்றால் நிமிர்ந்து நிற்கும் எக்ஸாஸ்ட் குழாயை மூடிவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் டர்போவுக்குள் இறங்கும். தொட்டியை டீசலால் நிரப்புங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், கட்டை வைத்து ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்துங்கள். மாதம் ஒருமுறை கொஞ்ச தூரமாவது ஓட்டிப் பிரேக்கை நன்றாகச் சில தடவை பிடித்தால் வீல் சிலிண்டர் பிஸ்டன்கள் இறுகாது. பல மாதம் கழித்து எடுக்கும்போது ஸ்டாப் கேபிளை வெளியே இழுத்து வைத்தபடியே, ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் போகாமல், ஆயில் பிரஷர் முள் அசையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அதன்பிறகு கேபிளை உள்ளே தள்ளிக் கிளப்பலாம்.