மங்குக்குப் போட்ட களிம்பை நிறுத்திய கதை

கன்னத்தில் இருந்த மங்குக்காகத்தான் ஆரம்பித்தேன். தெருமுனை மருந்துக் கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு டியூப் கொடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே மங்கு மறைந்து முகம் பளபளவென்று ஆகிவிட்டது. போகிற கல்யாண வீட்டில் எல்லாம் "என்ன போடுறே?" என்று கேட்டார்கள். ஒன்றரை வருஷம் விடாமல் போட்டேன்.

இரண்டு நாள் விட்டால் முகம் காந்தும். மறுபடி தடவினால் அடங்கிவிடும். அதனால் அதுதான் மருந்து என்று நம்பினேன். பிறகு தோசைக்கல் முன்னால் நின்றாலே கன்னம் கொதிக்க ஆரம்பித்தது. என் மாநிறத்தில் அது பளிச்சென்று சிவப்பாகத் தெரியாது; கன்றிக் கறுத்த மாதிரி இருக்கும். அம்மாதான் வாசல் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடி, மூக்கோரத்துல நரம்பு நரம்பா ஓடுது?" என்றாள்.

தோல் டாக்டர் முதலில் கேட்டதே, "என்ன தடவுறீங்க?" என்றுதான். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள்: ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின், மொமெட்டசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. மங்குக்கு இந்தக் கூட்டு மருந்தை டாக்டர்களே எழுதுவார்கள், ஆனால் சில வாரங்களுக்கு மட்டும். ஒரு கண்ணாடித் துண்டைக் கன்னத்தில் அழுத்தினார். சிவப்புக் கோடுகள் மறைந்தன. எடுத்ததும் திரும்பி வந்தன. நரம்பு இல்லை, ரத்தக்குழாய். ஸ்டீராய்டு போடும்வரை குழாயைச் சுருக்கி வைத்து முகத்தை வெளுப்பாகக் காட்டும். உள்ளுக்குள் தோலை மெலியவைக்கும். நிறுத்தியதும் குழாய்கள் விரியும், முகம் சிவந்து எரியும் ரோசேசியா என்ற தோல் நோய் மாதிரியே.

இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அன்றே நிறுத்தச் சொன்னார். (வீரியம் அதிகமான களிம்பென்றால் படிப்படியாகக் குறைப்பார்களாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.) முதல் மூன்று வாரம் நரகம். முகம் வீங்கி, பொரிப்பொரியாகக் கிளம்பி, தலையணை பட்டாலே எரிந்தது. வெள்ளை வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தே தூங்கினேன். பாத்ரூம் அலமாரியில் அந்த டியூப் பாதி மிச்சம் இருந்தது. ஒரே ஒரு தடவை தடவினால் காலையில் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாவது நாள் ராத்திரி அதைப் பிதுக்கிக் குப்பையில் போட்டேன். அத்தை அன்போடு கற்றாழையும் கஸ்தூரி மஞ்சளும் கொண்டுவந்தார். "இப்ப எதுவுமே வேண்டாம் அத்தை" என்று சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

டாக்சிசைக்ளின் மாத்திரை, சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு. விழுங்கியதும் படுக்கக் கூடாது. கூடவே மெட்ரோனிடசோல் ஜெல். மற்றபடி வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். எதைப் புதிதாகப் போட்டாலும் முதலில் தாடைக்கடியில் மூன்று நாள் தடவிப் பார்ப்பேன். ஆவி பிடிப்பது, ப்ளீச், ஸ்க்ரப் எல்லாம் விட்டாச்சு. ரசத்தை ஆறவைத்துக் குடிக்கிறேன்.

எட்டு மாதம் ஆகிறது. எரிச்சல் போய்விட்டது. மூக்கோரக் கோடுகள் மட்டும் இருக்கின்றன. அவை களிம்புக்குப் போகாது, லேசர்தான். நம் நிறத்துக்குக் கருமை படியும் அபாயம் அதில் குறைவு என்பதால் 1064 நானோமீட்டர் அலைநீள லேசரைச் சொல்லியிருக்கிறார், தோல் இன்னும் கொஞ்சம் தேறிய பிறகு. மங்கும் திரும்பி வந்திருக்கிறது. அதோடுதான் போன வாரம் தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் போனேன், பவுடர்கூடப் போடாமல்.