எங்க மகன் வந்த கதை: பெரிய புள்ளையத் தத்து எடுக்க நினைக்கிறவங்களுக்காக

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்ல இருந்து எழுதுறேன், எங்க வீட்டுக்காரர் விசைப்படகுல தொழிலுக்குப் போறவரு. கல்யாணமாகி 17 வருசம் புள்ள இல்ல, பாக்காத வைத்தியம் இல்ல, ஏர்வாடி தர்காவுல இருந்து சேதுக்கரை வரைக்கும் வேண்டாத இடமும் இல்ல. தத்து எடுப்போம்னு முடிவு பண்ணப்ப ஒருத்தர் வந்து பணம் கொடுத்தா பச்சப்புள்ளையே வாங்கித் தரேன்னாரு. தயவுசெஞ்சு யாரும் அந்தப் பக்கம் போயிறாதீங்க, புள்ளைய விக்கிறதும் குத்தம் வாங்குறதும் குத்தம், 5 வருசம் வரைக்கும் ஜெயில்.

நாங்க காரா (CARA), அதாவது தத்தெடுப்பக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்போட வெப்சைட்ல பதிஞ்சோம். பான் கார்டு, கல்யாண சர்டிபிகேட், மெடிக்கல் சர்டிபிகேட் எல்லாம் சீக்கிரம் ரெடியாயிருச்சு, இழுத்தடிச்சது வருமானச் சான்று தான். கடல் தொழில்ல மாசம் இவ்வளவுன்னு எதைக் காட்டுறது, அதுலயும் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் வேற.

அப்புறம் தான் வயசுக் கணக்கு தெரிஞ்சுச்சு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு வயசையும் கூட்டுறாங்க, 85க்குள்ள இருந்தா தான் 2 வயசு வரைக்கும் உள்ள புள்ள, 90க்குள்ளன்னா 4 வயசு வரைக்கும், 100க்குள்ளன்னா 8 வயசு வரைக்கும். எங்களுக்குக் கூட்டினா 91. கைக்குழந்தையத் தூக்குற கொடுப்பினை இல்லையேன்னு அன்னைக்கு ராத்திரி பூரா அழுதேன். எங்க மாமியா தான் "நீ பெத்திருந்தாலும் அதுக்கு இந்நேரம் ஏழெட்டு வயசு ஆயிருக்கும்ல"ன்னாங்க.

வீட்டைப் பாக்க சோசியல் வொர்க்கர் வந்தாங்க. ஓட்டு வீடாச்சே, ஒதுக்கிருவாங்களோன்னு எனக்குக் கையெல்லாம் நடுங்குது, அவங்க கேட்டதோ புள்ள அடம் புடிச்சா என்ன செய்வீங்க, பெத்தவங்களப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவீங்க, அவரு கடலுக்குப் போயிட்டா வீட்ல யாரு இருப்பாங்கன்னு தான்.

ரொம்ப நாள் காத்திருந்து ஒரு நாள் போட்டோ வந்துச்சு, ஏழு வயசுப் பையன், 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். நாங்க அஞ்சு நிமிசத்துல சொல்லிட்டோம். 5 வயசுக்கு மேலன்னா புள்ளையோட சம்மதமும் வேணும், நேர்ல போய்ப் பாத்தப்ப அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "கடல் வீட்டுக்குள்ள வருமா?" இவரு "வந்தா அப்பா உன்னையத் தூக்கிக்கிறேன்"னாரு. அந்த மனுசன் தன்ன அப்பான்னு சொல்லி அன்னைக்குத் தான் கேக்குறேன்.

தத்து ஆர்டர் வர்றதுக்கு முந்தியே, தத்துக்கு முந்தின வளர்ப்புப் பராமரிப்புன்னு எழுதி வாங்கிட்டு அனுப்பி வச்சாங்க. முன்னெல்லாம் கோர்ட்டு தான், 2022 செப்டம்பர்ல இருந்து கலெக்டரே ஆர்டர் போடுறாரு.

தத்துக்கு மனசு இன்னும் துணியலன்னா கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல, தத்து எடுக்காமலே புள்ளைய வீட்ல வச்சு வளர்க்கிற வளர்ப்புப் பராமரிப்பப் பத்தியாவது கேளுங்க. 2024ல வந்த புது வழிகாட்டுதல்படி தனியா இருக்கிறவங்களும் கேக்கலாம், சட்டப்படி தத்துக்குத் தடையில்லாத புள்ளைன்னா ரெண்டு வருசம் வளர்த்த பெறகு அவங்களே தத்தும் எடுத்துக்கலாம். ஆறு ஏழு வயசத் தாண்டுன புள்ளைகளக் கேட்டு வர்ற ஆளு தான் கம்மி.

வந்த புதுசுல அவன் சட்டைய அலமாரில வைக்கவே மாட்டான், துவைச்சுக் காஞ்சதும் மடிச்சு அந்த நீலப் பைக்குள்ளயே வச்சு ஜிப்பப் போட்டுருவான், நானும் ஒண்ணும் சொல்லல. நாலு மாசம் இருக்கும், ஒரு நாள் மீன் வாங்கிட்டு வந்து பாக்குறேன், அந்தப் பைக்குள்ள சிப்பியும் சங்குமா கெடக்கு, சட்டையெல்லாம் அவங்க அப்பா லுங்கிக்குப் பக்கத்துல அலமாரில இருக்கு.