குடுவையைக் குலுக்கி கிளியா செல்களைப் பிரித்த கதை

மூளையில் நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்களை எலி மூளையிலிருந்து பிரிக்க நான் கற்றுக்கொண்டது 1980-இல் மெக்கார்த்தியும் டி வெல்லிஸும் வெளியிட்ட முறை. பிறந்து ஓரிரு நாளான குட்டியின் பெருமூளைப் புறணியை எடுத்து, டிரிப்சின் என்ற நொதியால் செல்களைப் பிரித்து, குடுவையில் ஊற்றி 37 டிகிரியில் வைக்க வேண்டும். எழுத்தில் இவ்வளவுதான்.

பெண்டு நிமிர்த்துவது மூளையுறையை உரிக்கும் வேலை. ரத்தக்குழாய் ஓடும் அந்த மெல்லிய சவ்வு, நுண்ணோக்கிக்கு அடியில் இடுக்கியால் இழுக்கும்போது முழுசாக வந்துவிட்டால் அதிர்ஷ்டம். கிழிந்தால் துணுக்கு துணுக்காகத் தேடிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் தங்கினாலும் அதிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத்திசுச் செல்கள் பெருகிக் குடுவையைப் பிடித்துக்கொள்ளும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

முதல் சில நாட்கள் குடுவையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். மிதப்பதெல்லாம் செத்த செல்களின் குப்பை. நரம்புச் செல்களில் பெரும்பாலானவை இந்தப் பாட்டைத் தாங்குவதில்லை. செல்களுக்கு ஊட்டம் தரும் நீர்மமான ஊடகத்தை மாற்ற மாற்ற, அடியில் கிளியாவில் ஒரு வகையான ஆஸ்ட்ரோசைட்டுகள் பாய் விரித்தாற்போல் பரவும். ஒரு வாரம் பத்து நாளில் இடைவெளியே இருக்காது. அந்தப் பரப்பின் மேல் பளபளவென்று உருண்டையாக, ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பவை இன்னொரு வகையான மைக்ரோகிளியா. சின்ன உடலிலிருந்து இரண்டு மூன்று இழைகளை நீட்டியிருப்பவை, நரம்பிழைகளுக்கு மயலின் உறை போடும் ஆலிகோடென்ட்ரோசைட் ஆகப்போகும் முன்னோடிச் செல்கள்.

அப்புறம் ஷேக்கர். மூடியை இறுக்கி, நிமிடத்துக்கு 200 சுற்று வாக்கில் ஒரு மணி நேரம் ஆட்டினால் மைக்ரோகிளியா கழன்று வந்துவிடும். அதை எடுத்துவிட்டுப் புது ஊடகம் ஊற்றி இரவு முழுக்க ஆட்டினால் முன்னோடிச் செல்கள் வரும். ஆஸ்ட்ரோசைட்டுகள் மட்டும் அசையாது.

பிரித்த பிறகுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரிகிறது. மைக்ரோகிளியாவுக்கு ஒளிரும் நுண்மணிகளைப் போட்டேன். சில மணி நேரத்தில் செல்லுக்குள்ளே ஒளிப்புள்ளிகள். மூளையின் துப்புரவும் காவலும் இதன் பொறுப்பு என்பதைக் கண்ணால் பார்க்கலாம். முன்னோடிச் செல்களுக்கு, ஊடகத்தில் சேர்க்கும் ரத்தச் சீரத்தை நிறுத்தி, தைராய்டு ஹார்மோனான டி3 கொடுத்தால் கிளைவிட்டு, அகலமான சவ்வை விரிக்கும். சுற்றிக்கொள்ள ஆக்ஸான் என்ற நரம்பிழை ஒன்றுகூட இல்லை, ஆனாலும் மயலின் புரதத்தோடு விரிக்கிறது! சீரத்திலேயே விட்டால் அவற்றில் பல ஆஸ்ட்ரோசைட் போல மாறிவிடும். 1983-லேயே மார்ட்டின் ராஃப் குழு இதைக் காட்டிவிட்டது.

ஆஸ்ட்ரோசைட் பரப்பின் மேல் நரம்புச் செல்களை விதைத்தால், வெறும் தட்டில் இருப்பதைவிட நன்றாகவே பிழைக்கின்றன. கிளியா இல்லாமல் வளர்த்த நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளான சைனாப்ஸ்கள் மிகவும் சோர்ந்து இயங்குவதை 1997-இல் ஃப்ரீகரும் பென் பேரஸும் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு குறை உண்டு. சீரத்தில் வளர்ந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் தட்டையானவை. மூளைக்குள் இருப்பவை கிளை கிளையாக, சைனாப்ஸ்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். சைனாப்ஸ் பற்றிய கேள்வி என்றால், 2011-இல் பேரஸின் ஆய்வகம் வெளியிட்ட, குறிப்பிட்ட செல்களைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி புரதம் பூசிய தட்டில் பிரித்துச் சீரமில்லாமல் வளர்க்கும் முறைக்கே போகிறேன். செலவும் வேலையும் அதிகம்தான். மைக்ரோகிளியா மட்டும் போதும் என்கிற நாட்களில் இன்னமும் ஷேக்கர்தான்.