எங்க பிளாக்குக்குப் பின்னாடி இருந்த மஞ்ச நிலத்துக்கு நான் மனு போட்ட கதை

நான் இருக்கறது சிங்கப்பூர். 2022ல ஒரு செவ்வாக்கெழம ராத்திரி, சாப்ட்டு தட்ட கழுவிட்டு இருக்கேன், எங்க பிளாக் வாட்ஸாப் குரூப்ல எட்டாவது மாடி சீன அங்கிள் ஒரு படம் போட்டாரு. மேப்பு. எங்க பிளாக்குக்குப் பின்னாடி இருக்கற நிலம் ரெண்டு தடவ வரஞ்சிருக்கு, இடது பக்கம் இப்ப இருக்கற மஞ்ச, வலது பக்கம் மாத்தப்போற வெளிர் ஆரஞ்சு. கீழ அவரு ஸ்டைல்ல 'அவர் ஃபாரஸ்ட் கான் லா'ன்னு ஒரு வரி, நம்ம காடு போச்சுன்னு. அவ்வளவுதான், குரூப்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் டிங் டிங்னு.

எந்த ஏரியான்னு சொல்லல, வடக்கு பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க, பக்கத்து வீட்டுக்காரங்களும் இத படிக்க சான்ஸ் இருக்கு. இடம் சுமாரா 3 ஹெக்டர், நாலு ஃபுட்பால் ஃபீல்டு அளவு. ஃபாரஸ்ட்டுன்னு அங்கிள் பாசத்துல சொல்றாரே தவிர, பாதி அல்பீசியா மரம், கம்பத்து காலத்துல, அதாவது இங்க கிராமம் இருந்தப்ப, யாரோ வச்ச ரெண்டு டுரியான் மரம், ஓரமா ஒரு பெரிய லோங்காங், அதாவது மழத்தண்ணி வாய்க்கா, லோங்காங் கரையில ஒரு ஒத்தையடிப் பாதை. அந்தப் பாதையிலதான் நாங்க எல்லாரும் பஸ் ஸ்டாப்புக்குப் போவோம், ரோட்ட சுத்திப் போனா எக்ஸ்ட்ரா ஏழு நிமிஷம். பாதை ஓரமா ஆறு வேப்பமரம். யாரு நட்டதுன்னு தெரியாது. யாருக்காவது வீட்ல அம்மை போட்டா, ஆடி மாசம் கூழு ஊத்துனா, எங்க பிளாக் மட்டும் இல்லாம ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் இங்கதான் வந்து ஒடிச்சுட்டுப் போவாங்க. பக்கத்துலயே இது அரசாங்க நிலம்னு ஒரு போர்டும் நிக்கும், அத யாரும் கண்டுக்கறது இல்ல.

மறுநாள் காலைல நான் செஞ்ச மொத வேலையே தப்பு. டவுன் கவுன்சிலுக்கு ஃபோன் போட்டேன். அந்தப் பொண்ணு ரொம்ப பொறுமையா கேட்டுட்டு, சார் நாங்க லிஃப்டு, காரிடோர் லைட்டு, குப்பை, பெயின்ட்டு இதெல்லாம் பாப்போம், நிலத்த எதுக்கு யூஸ் பண்றதுன்றது யூஆர்ஏ, அதாவது நகர மறுசீரமைப்பு ஆணையம்னு சொல்லிட்டா. இத்தன வருஷமா இங்கயே பொறந்து வளந்த எனக்கே இது தெரியல, வெக்கமாத்தான் இருந்துச்சு.

எங்க அத்த பையன் ஒருத்தன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கான், அவங்கிட்ட சொன்னா, டேய் அப்ப சிட்டி கவுன்சில் மீட்டிங்குக்குப் போயி பேருகுடுத்து மைக்ல மூணு நிமிஷம் பேசுங்கடான்றான். அவன் ஊர்ல பக்கத்துல இருந்த மாட்டுப் பண்ணை நிலத்தையெல்லாம் ஊரோட சேத்துட்டு, அங்க வீடு கட்டலாமா கடை கட்டலாமான்னு கவுன்சில்காரங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் சண்ட போட்டாங்களாம், இவனும் போயி பேசிட்டு வந்தானாம். நம்ம ஊர்ல அந்த மாதிரி எதுவும் கெடையாது தம்பி. சிட்டி கவுன்சில்னு ஒன்னு இருந்துச்சு, 1957ல தேர்தல்ல ஜெயிச்சு ஓங் எங் குவான் மேயர் கூட ஆனாரு, ஆனா 1959லயே அத கலச்சுட்டாங்க. இப்ப அந்தப் பேருல ஓடிட்டு இருக்கறது சிட்டி ஹால் எம்ஆர்டி, அதாவது மெட்ரோ ரயில் ஸ்டேஷன்தான். இங்க எல்லாம் பேப்பர்ல. மாஸ்டர் பிளான்னு ஒரு சட்டபூர்வமான மேப் இருக்கு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ முழுசா புதுப்பிப்பாங்க, நடுவுல ஏதாவது ஒரு துண்ட மட்டும் மாத்தணும்னா அறிவிப்பு போட்டு ரெண்டு வாரம் பொதுமக்கள் பாக்க வைப்பாங்க, அதுக்குள்ள யாரு வேணா எழுத்துல ஆட்சேபமோ கருத்தோ குடுக்கலாம், அப்புறம் தேசிய வளர்ச்சி அமைச்சர் ஒப்புதல் குடுத்தா முடிஞ்சது. அங்கிள் படத்த போட்டப்ப அஞ்சு நாள் ஓடிப்போச்சு. மிச்சம் 9 நாளு.

அன்னிக்கு ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல யூஆர்ஏ ஸ்பேஸ்னு ஒரு வெப்சைட்டுல போயி உக்காந்தேன். ஃப்ரீதான், உங்க போஸ்டல் கோட போட்டா உங்க வீட்டுக்கு என்ன கலர்னு காட்டும், ஒரு தடவ போட்டுப் பாருங்க. எங்க பிளாக் வெளிர் ஆரஞ்சு, அதாவது குடியிருப்பு. பார்க்குன்னா பச்சை, கடைன்னா நீலம். பின்னாடி நிலம் மஞ்ச. ரிசர்வ் சைட்டுன்னு எழுதியிருந்துச்சு. நான் என்னமோ ரிசர்வுன்னா காட்டுக்கு ரிசர்வ் பண்ணி வச்சிருக்காங்கன்னு நெனச்சு சந்தோசப்பட்டேன் பாருங்க, அதுக்கு அர்த்தமே வேற. என்ன செய்யறதுன்னு இன்னும் முடிவு பண்ணல, பின்னாடி பாத்துக்கலாம்னு ஓரங்கட்டி வச்ச நிலம். இத்தன நாளா நாங்க நம்ம காடுன்னு நெனச்சுட்டு இருந்தது அவங்க கணக்குல டிசைட் பண்ணாத நிலம்.

புது கலருக்கு மேல 2.8ன்னு ஒரு நம்பர். அதுதான் ப்ளாட் ரேஷியோ, நாம வாங்குற ஃபிளாட் இல்ல, மனை ப்ளாட்டு, எங்க குரூப்ல பாதி பேரு இதுலயே கொழம்பிட்டாங்க. நிலத்தோட அளவ விட 2.8 மடங்கு தளப்பரப்பு கட்டலாம்னு அர்த்தம். 3 ஹெக்டர்னா 30,000 சதுர மீட்டர், பெருக்குனா 84,000. படிக்கட்டு, லிஃப்ட், காரிடோர் எல்லாம் சேத்து ஒரு வீட்டுக்கு 100 சதுர மீட்டர்னு தோராயமா போட்டா 840 வீடு. 840 வீட்டு ஜனமும் காலைல எங்க பஸ் ஸ்டாப்புலதான் நிக்கும். எனக்கு மரத்த விட அதுதான் பயமா இருந்துச்சு, உண்மைய சொல்லணும்ல.

அன்னிக்கு ராத்திரியே கடகடன்னு ரெண்டு பக்கத்துக்கு மனு எழுதிட்டேன். கட்டாதீங்க, இயற்கை, பறவைங்க, வருங்கால சந்ததின்னு எல்லாத்தையும் போட்டு தாளிச்சு. எங்க தங்கச்சி வந்து படிச்சா. படிச்சிட்டு, ஏண்ணே, நான் எங்க போயி குடியிருக்கறதுன்னு கேட்டா பாருங்க ஒரு கேள்வி.

விஷயம் என்னன்னா அவளுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் பேசி வச்சிருந்தோம், அவளும் மாப்பிள்ளையும் பிடிஓ, அதாவது அரசாங்கம் புதுசா கட்டப்போற ஃபிளாட்டுக்கு, விண்ணப்பம் போடணும். அம்மா அப்பா வீட்டுல இருந்து 4 கிலோமீட்டருக்குள்ள போட்டா கல்யாணம் ஆகற பிள்ளைங்களுக்கு பேலட்ல, அதாவது குலுக்கல்ல, அப்ப முன்னுரிமை இருந்துச்சு. 4 கிலோமீட்டர் என்ன, இது 40 மீட்டர், ஜன்னல்ல இருந்து கூப்புட்டா கேக்கும். அம்மா அப்பவே மனசுக்குள்ள பொண்ண அங்க குடிவச்சு, பேரப்புள்ளைய லோங்காங் பாதையில ஸ்கூலுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சிட்டாங்க. அதோட ஒரு குத்தல் வேற, நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஆர்ச்சர்ட் ரோட்டுல இருந்த சிவன் கோயிலையே எம்ஆர்டிக்காக நவுத்துனாங்க, சாமியே கேலாங் ஈஸ்ட்டுக்குப் போயிருச்சு, உனக்கு வேப்பமரம் கேக்குதான்னு. வேப்பல ஒடிக்க வாரம் தவறாம போறது அவங்கதான், அத மறந்துட்டாங்க.

ரெண்டு நாள் வீட்ல சரியா பேச்சே இல்ல.

வெள்ளிக்கெழம லீவு போட்டுட்டு மேக்ஸ்வெல் ரோட்டு யூஆர்ஏ சென்டருக்குப் போனேன், அம்மாவும் கூடவே கெளம்பிட்டாங்க, என்ன வேவு பாக்கத்தான். ஆன்லைன்லயே பாக்கலாம், நேர்ல போகணும்னு அவசியமே இல்ல, ஆனா நான் போனது நல்லதாப் போச்சு. கீழ சிட்டி கேலரின்னு ஒன்னு இருக்கு, ஊரோட நடுப்பகுதிய பொம்ம மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க, அம்மா அதுல சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில தேடிக் கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் ஆச்சு. கவுண்டர்ல இருந்தவரு நடுத்தர வயசு மலாய்க்காரர், என் ரெண்டு பக்க மனுவ ஓட்டிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. கட்டவே கூடாதுன்றது உங்க கருத்தா, இல்ல இப்படி கட்டக் கூடாதுன்றது உங்க கருத்தா? ரெண்டையும் எழுதலாம், ஆனா ரெண்டாவதுன்னா எந்த இடம், எவ்வளவு அகலம், யாரு யூஸ் பண்றாங்கன்னு மேப்ல குறிச்சுக் குடுங்கன்னாரு. வேற எதுவும் சொல்லல. அந்த ஒரு கேள்வியிலயே எங்க வீட்டுச் சண்ட பாதி தீந்து போச்சு.

வெளிய வந்து அம்மா விரதம்னு சிக்கன் ரைஸ் வாசனைய மூக்கப் பொத்திட்டுத் தாண்டி, நேரா மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1827ல ஆரம்பிச்ச கோயில், தேசிய நினைவுச் சின்னம்னு அறிவிச்சதால அனுமதி இல்லாம அத யாரும் தொட முடியாது. அம்மா வாசல்ல வேப்பிலைய பாத்துட்டு, நம்ம மரத்த மட்டும் வெட்ட வேணாம்னு எழுதுடா, வீட்ட கட்டட்டும்னாங்க. சரின்னேன்.

அப்புறம் மூணு நாள் வேல செஞ்சோம். என்பார்க்ஸ், அதாவது தேசிய பூங்காக் கழகத்தோட சட்டத்துல ஒரு விஷயம் இருக்கு, காலி நிலத்துல சுற்றளவு 1 மீட்டருக்கு மேல இருக்கற மரத்த அனுமதி இல்லாம வெட்டக் கூடாது. அம்மா அவங்க தையல் டேப்ப எடுத்துட்டு வந்து ஒவ்வொரு மரமா சுத்திக் கட்டிப் புடிச்சு அளந்தாங்க, ஆறுல நாலு 1 மீட்டருக்கு மேல. தங்கச்சி காலைல ஆறரைல இருந்து எட்டு வரைக்கும் வாய்ட் டெக், அதான் பிளாக்குக்கு கீழ இருக்கற திறந்த தளம், அது ஓரமா உக்காந்து பாதையில போறவங்கள எண்ணுனா, 212 பேரு, அதுல வீல்சேர் ரெண்டு, சைக்கிள்ல பார்சல் குடுக்கறவங்க எக்கச்சக்கம். டோவர் காட்டு விஷயம் நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், 2021 ஜனவரில அங்க வீடு கட்டற திட்டத்துக்கு கருத்து கேட்டப்ப எவ்வளவு எழுதுனாங்க, டைம கூட நீட்டிச்சாங்க, கடைசில கிழக்குப் பாதிய மொதல்ல கட்டறோம், மேற்குப் பாதிய இப்ப தொடலன்னு ஆச்சு. அங்க எழுதுனவங்க சும்மா ஐயோ காடுன்னு எழுதல, எந்த ஓடை எங்க ஓடுது, என்ன பறவை எங்க இருக்குன்னு எழுதுனாங்க. எங்ககிட்ட அவ்வளவு பெரிய காடு இல்ல, ஆறு வேப்பமரமும் ஒரு ஷார்ட் கட்டும்தான், அதையே அதே மாதிரி எழுதுனோம்.

புது மனு ஒரே பக்கம். லோங்காங் பக்கம் பாதைய விடுங்க, மரத்த ஒட்டி இவ்வளவு மீட்டர் இடம் விடுங்க, உயரமான பிளாக்க எக்ஸ்பிரஸ்வே பக்கம் போடுங்க, கன்ஸ்ட்ரக்‌ஷன் லாரி ஸ்கூல் பக்கத்து ரோட்டுல வர வேணாம். கூட ஒரு மேப், போட்டோ, அளவு. 40 வீடு கையெழுத்து போட்டுச்சு. எட்டாவது மாடி அங்கிள் மட்டும் போடல, நீ வித்துட்ட அப்படின்னு மூஞ்சிய திருப்பிக்கிட்டாரு, அவரு தனியா கட்டவே கூடாதுன்னு ஒன்னு அனுப்புனாரு. அதுவும் நியாயம்தான், அந்த டுரியான அவர விட அதிகமா பொறுக்குனவங்க யாரும் இல்ல. எம்பியோட மக்கள் சந்திப்புக்கும் ஒரு திங்கக்கெழம போனேன், நம்பர் எடுத்து ஒன்றரை மணி நேரம், ஒரு தமிழ் தொண்டூழியர் தம்பி கடிதம் டைப் பண்ணிக் குடுத்தாரு, அதுனால ஏதாவது ஆச்சான்னு கேட்டா எனக்குத் தெரியல, ஆனா காப்பி குடுத்தாங்க.

கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி 11.40க்கு அனுப்புனேன். தயவுசெஞ்சு நீங்க அப்படி செய்யாதீங்க, ஃபைல் பெருசுன்னு ரெண்டு தடவ திரும்பி வந்துச்சு, போட்டோவ சின்னதாக்கி மூணாவது தடவதான் போச்சு, எனக்கு வேர்த்துப் போச்சு.

அதுக்கப்புறம் மாசக்கணக்குல சத்தமே இல்ல. பிறகு ஒரு பதில் வந்துச்சு, மரியாதையா, நீளமா. நிலம் குடியிருப்பா மாறுது, அமைச்சர் ஒப்புதல் ஆகிருச்சு, பாதையையும் மரங்களையும் வடிவமைக்கும்போது கவனிக்கச் சொல்லி வீடு கட்டற எச்டிபிக்கு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு, அனுப்பியிருக்கோம்னு. குரூப்ல எல்லாரும் இது சும்மா ஆறுதலுக்குன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். 2024ல அந்த நிலத்துல பிடிஓ வீடு விற்பனைக்கு விட்டப்ப சைட் பிளான டவுன்லோட் பண்ணி பெருசாக்கிப் பாத்தா லோங்காங் ஓரமா ஒரு நடைபாதை போட்டிருக்கு, பக்கத்துல ஏற்கனவே இருக்கற மரம்னு மூணு வட்டம். உயரமான பிளாக் எக்ஸ்பிரஸ்வே பக்கம். எங்க மனுவாலயா, இல்ல அவங்களே சத்தத்துக்காக அப்படித்தான் போட்டிருப்பாங்களான்னு சொல்ல முடியாது. லாரி விஷயம் மட்டும் நடக்கல, லாரி இப்பவும் ஸ்கூல் பக்கத்துலதான் வருது.

தங்கச்சிக்கு பேலட்ல நம்பர் வந்துச்சு, ஆனா இருக்கற வீட்ட விட பெரிய நம்பர். ஆறு மாசம் பாத்துட்டு ரெண்டு ஸ்டாப் தள்ளி ரீசேல், அதாவது ஏற்கனவே ஒருத்தர் இருந்த ஃபிளாட்டு, வாங்கிட்டா, அம்மா வீட்டுக்குப் பக்கம்னு 20,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், மானியம் கெடச்சுச்சு. அம்மாவுக்குத்தான் ஜன்னல்ல கூப்புட்டா கேக்காதேன்னு கொற.

இப்ப தகரம் அடிச்சு மறச்சாச்சு. மூணு மரம் பாதை பக்கம் வெளிய நிக்குது, ஒன்னு உள்ள மாட்டிக்கிச்சு, மிச்சம் ரெண்டும் போச்சு. வெளிய நிக்கிற மூணுலயும் கொப்பு எட்டாத உயரத்துல இருக்கு. அம்மா போன ஆடி வெள்ளிக்கெழம கேட்டுகிட்ட போயி நின்னு எட்டிப் பாத்திருக்காங்க, உள்ள மஞ்ச ஹெல்மெட்டு போட்ட ஒரு தம்பி, புதுக்கோட்டையாம், என்னம்மா வேணும்னு கேட்டிருக்காரு. விஷயத்த சொன்னதும் உள்ள போயி ரெண்டு கொத்து ஒடிச்சு கேட்டு சந்துல நீட்டிட்டு, சூப்பர்வைசர் பாக்கறதுக்குள்ள கெளம்புங்கம்மா, அடுத்த வாரம் இந்த மரத்துக்கும் நாள் குறிச்சிருக்காங்க, வேணும்னா முன்னாடியே வந்து வாங்கிக்கோங்கன்னாராம்.