டிஸ்க் கறுப்பதற்கு முன்பே

கீழ்முதுகு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் தேய்மானம்' என்று படித்ததும் பலரும் கலங்கிப்போகிறார்கள். முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருப்பதே டிஸ்க். எதைப் பார்த்து அப்படி எழுதுகிறார்கள் என்பது தெரிந்தாலே பாதிக் கலக்கம் தீரும் என்று நம்புகிறேன். புதிய ஸ்கேன் முறைகளின் அருமையும் அப்போதுதான் விளங்கும்.

வழக்கமான ஸ்கேனில் தேய்மானத்தைக் கணிக்க உதவுவது, முதுகெலும்பைப் பக்கவாட்டில் காட்டும் டி2 படம். அதில் நீர் வெள்ளையாகத் தெரியும். நல்ல டிஸ்க்கின் நடுப்பகுதி வெளுத்தும், அதைச் சுற்றிய நார்வளையம் கறுத்தும், இரண்டுக்கும் இடையிலான எல்லை தெளிவாகவும் இருக்கும். தேயத் தேய நடுப்பகுதி சாம்பல் நிறமாகி, எல்லை மங்கி, கடைசியில் முழுவதும் கறுத்து உயரமும் குறைந்துவிடும். இந்த மாற்றத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கும் ஃபிர்மன் அளவுகோல் 2001இல் வெளியானது. இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அது கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் நிற்கும் டிஸ்க்கை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்லக்கூடும்.

அதைவிடப் பெரிய குறை, கறுப்பது தேய்மானத்தின் தொடக்கமே அன்று என்பதுதான். டிஸ்க்கின் நடுப்பகுதியில் புரோட்டியோகிளைக்கான் என்னும் பெரிய மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றின் எதிர்மின்னேற்றம் சோடியம் அயனிகளை ஈர்க்க, அந்த அயனிகளோடு நீரும் உள்ளே வர, அதனால் உண்டாகும் அழுத்தமே உடலின் எடையைத் தாங்குகிறது. அந்த மூலக்கூறுகள் குறையத் தொடங்கிய பிறகே நீர் வற்றி, படத்தில் நிறம் மாறுகிறது.

இந்தத் தொடக்க நிலையை எண்களாக அளக்க முயல்பவையே மேம்பட்ட முறைகள். டி2 மேப்பிங்கில் ஒவ்வொரு புள்ளியிலும் சமிக்ஞை மங்க எடுக்கும் நேரம் மில்லி விநாடிகளில் கணக்கிடப்படுகிறது. அந்த எண் நீரின் அளவையும் கொலாஜன் என்னும் புரத இழைகளின் ஒழுங்கையும் சார்ந்தது. டி1 ரோ என்னும் இன்னொரு அளவீடு, புரோட்டியோகிளைக்கான் இழப்பைக் கூடுதலாக உணரக்கூடியது. சோடியம் எம்.ஆர்.ஐ. சோடியத்தையே நேரடியாகப் படமெடுக்கிறது. ஆனால் அதன் சமிக்ஞை மிகவும் பலவீனமாக இருப்பதால், 3 டெஸ்லா, 7 டெஸ்லா போன்ற வலிமையான காந்தமும் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு), சமிக்ஞையைப் பிடிக்கும் தனிச் சுருளும் தேவைப்படுகின்றன.

இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, டிஸ்க்குக்கும் முள்ளெலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய குருத்தெலும்பைக் காட்டும் யூ.டி.இ. முறை. மிக விரைவில் மறையும் சமிக்ஞையையும் பிடித்துவிடும் முறை இது. முதிர்ந்த டிஸ்க்கின் உட்பகுதியில் இரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்தின் பெரும்பகுதி இந்தக் குருத்தெலும்பின் வழியாகத்தான் ஊறி வரவேண்டும். அந்தக் குருத்தெலும்பின் சமிக்ஞை மிக விரைவில் மறைந்துவிடுவதால் வழக்கமான படத்தில் அது சரியாகத் தெரிவதே இல்லை. டிஸ்க் ஏன் தேய்கிறது என்று கேட்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

எண் கிடைத்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. பகலில் நிற்கும்போதும் நடக்கும்போதும் டிஸ்க் நீரை இழக்கிறது, இரவில் படுத்திருக்கும்போது திரும்பப் பெறுகிறது. ஆகவே ஒரே டிஸ்க் காலையில் ஓர் எண்ணும் மாலையில் வேறோர் எண்ணும் காட்டலாம். கருவிக்குக் கருவியும் அளவு மாறும்.

வலியைப் பொறுத்தவரை இன்னும் கவனம் வேண்டும். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்தபோது 52 சதவீதத்தினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வலி இல்லாதவர்களிலேயே 20 வயதில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் காணப்படுகிறது. தேய்மானத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், வலி அதிலிருந்துதான் வருகிறது என்று அந்த அளவு மட்டும் சொல்லிவிடாது. ஆகவே சாதாரண முதுகுவலிக்காரர் இந்த ஸ்கேன்களைத் தேடி அலையத் தேவையில்லை. கால் பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சலுடன் முதுகுவலி வருவது போன்றவை இருந்தால் மருத்துவரை உடனே பார்க்கவேண்டும். அங்கே வழக்கமான எம்.ஆர்.ஐ.யே பெரிதும் உதவும்.

டிஸ்க்கை மீட்டெடுக்க முயலும் உயிரணு சிகிச்சை போன்றவற்றைச் சோதிக்கும் ஆய்வுகளுக்குத்தான் இந்த அளவீடுகள் இன்று மிகவும் தேவை. டிஸ்க்கில் உயிரணு ஊசி போடுவதற்கு முன்னும் பின்னும், நாளின் அதே நேரத்தில், அதே கருவியில் டி1 ரோ அளவை எடுத்து ஒப்பிட்டால், உள்ளே புரோட்டியோகிளைக்கான் கூடியதா என்பதைத் திசுவை வெட்டி எடுக்காமலே மதிப்பிட வழி கிடைக்கிறது.