டிகாஷன் நிறம்

கிண்டி வெயிலுக்குப் பயந்து மதியம் முழுக்க மைக்ராஸ்கோப்பே கதி, அடியில சாயம் ஏத்தின திசுத் துண்டு. ஆன்டிபாடின்னா குறிப்பிட்ட ஒரு புரதத்துல போய் ஒட்டிக்கற மூலக்கூறு; அது தனக்கான புரதத்தைத் தேடிப் பிடிச்ச இடம் மட்டும் டிகாஷன் மாதிரி பழுப்பு. செல்லோட உட்கருக்கள் நீலம். அலுக்கவே இல்ல.

ஸ்வீடன்ல மத்தியாஸ் ஊலேன் குழு 2003ல ஆரம்பிச்ச ஹியூமன் புரோட்டீன் அட்லஸ்ல, அதாவது மனுஷ உடம்புல எந்தப் புரதம் எங்க இருக்குன்னு காட்டற தொகுப்புல, இப்படிப் படங்கள் லட்சக்கணக்குல, இலவசமாவே இருக்கு. அதுக்குக் குறிப்பெழுதினதுல மும்பை நோயியல் மருத்துவர்களும் உண்டு. நம்மாளுங்க!

ஆனா சில ஆன்டிபாடி ஆள் மாறிப் போய் ஒட்டிக்கும். போன வாரம் கல்லீரல்ல இருக்கவே கூடாத புரதம் பளிச்சுனு தெரிஞ்சது. குதிச்சேன். அப்புறம் பாத்தா, அந்தப் புரதத்தை உண்டாக்கற மரபணுவையே நீக்கின செல்லுலயும் அதே பழுப்பு! அவ்வளவு காசு போட்டு வாங்கின ஆன்டிபாடி குப்பி.

அம்மா கேக்கறாங்க: "பில்லு இருக்கில்ல, கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டானாடீ?"